நூற்றிருபது ஆண்டு ஒன்றும் செய்யாத அணில்

ஒரு காட்டில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால், அது மற்ற காடுகளுக்குப் பொருந்தும். நான் சொல்ல வந்த காட்டில் ஒரே சமயத்தில் மூன்று ராஜாக்கள் இருந்தார்கள். கிழக்குக் கடலில், சூரியன் கண் விழித்ததும் முதலில் எட்டிப் பார்க்கிற ஜப்பான் தீவில் இருந்தது அந்தக் காடு. அங்கே ராஜா என்றால் நாரைதான். சூரியனுக்கு ஒரு பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்கு ஒரு நாரை பிறந்ததாம். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காட்டில் கேட்டவர்களை மறுநாள் ஆளைக் காணோம்.

மூன்று ராஜா எதற்கு? சொல்கிறேன். ஒருவர், சிம்மாசனத்தில் உட்கார. அவர் குஞ்சு ராஜா, இன்னும் இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. இரண்டாமவர் அவருடைய அப்பா. பதவியை மகன் தலையில் கட்டிவிட்டு, தன் தலையை மழித்துக்கொண்டு, மடத்தில் போய் உட்கார்ந்து அங்கிருந்து ஆட்சி நடத்துபவர். அவரை ஓய்வுராஜா என்பார்கள். மூன்றாமவர் அந்த அப்பாவுக்கும் அப்பா. அவர் அதற்கும் முன்னாலேயே ஓய்வு பெற்றவர், ஆகவே அவருக்கு அதிகாரம் இன்னும் ஜாஸ்தி. அவர் மூத்த ஓய்வுராஜா. நம் ஊரில் ரிட்டயர் ஆனவர் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்பார். அங்கே ரிட்டயர் ஆனால்தான் மற்றவர்களை வரிசையில் நிற்க வைக்க முடியும்.

அந்த வருஷம் இலை உதிர்கிற காலத்தில் மூத்த ஓய்வுராஜா காலமானார். நல்ல சாவுதான், மீன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த அரண்மனை தீட்டு. அதை அப்படியே விட்டுவிட்டு வேறு இடத்தில் புது அரண்மனை கட்ட வேண்டும். புது அரண்மனை என்றால் நடுத்தூண் வேண்டும். நடுத்தூணுக்குக் காட்டிலேயே நெட்டையான தேவதாரு மரம் வேண்டும்.

அந்த மரத்தில்தான் குரிமாரு என்கிற நம்ம அணில் குடியிருந்தான்.

குரிமாருவுக்கு கயாமே என்று ஒரு மனைவி. அவள் வாயைத் திறந்தால் மரங்கொத்தி கொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஐந்து குட்டிகள், பிறந்து ஒரு வாரம்தான், கண் திறக்கவில்லை. குளிர்காலத்துக்குக் கொட்டை பாதிகூடச் சேரவில்லை. இந்த லட்சணத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் மரத்தைச் சுற்றி வைக்கோல் பிரி கட்டியிருந்தது. அந்தத் தீவில் சாமி குடியிருக்கிற மரத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"ஆகா, நம்ம மரத்துக்குச் சாமி மரியாதை!" என்று குரிமாரு வாலைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை ஓடினான். அக்கம்பக்கத்து முயல்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போயின. காலை முழுக்க அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கயாமேதான் கீழே இறங்கிப் போய், பிரி கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த கரடியிடம் விசாரித்தாள். கரடி கோடாலியைத் தீட்டிக்கொண்டே, "இது தூணுக்கு ஒதுக்கின மரம்மா. வர்ற பௌர்ணமிக்கு வெட்டு. காக்காய் நல்ல நேரம் குறிச்சுக் கொடுத்தாச்சு," என்றது.

அவள் மேலே ஏறி வந்தாள். "ஏங்க, சாமி மரியாதை என்னன்னு தெரிஞ்சுதா? பௌர்ணமிக்கு நம்மளை நடுத்தெருவுல நிறுத்தப் போறாங்க. கண்ணு திறக்காத பிள்ளைங்களைத் தூக்கிட்டு இந்தப் பனியில நான் எங்கே போவேன்?"

குரிமாருவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்ற மரத்துப் பொந்துகளில் எல்லாம் ஆள் இருந்தது. குளிர்காலத்தில் யாரும் பொந்தைப் பகிர மாட்டார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. ராஜாவிடம் முறையிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கிளம்பினான்.

அரண்மனை வாசலில் ஒரு தேரை காவல். "தொப்பி எங்கே?" என்றது எடுத்த எடுப்பில்.

"எதுக்குத் தொப்பி?"

"தொப்பி நிறத்தை வெச்சுத்தான் ஆளுக்கு மரியாதை. ஊதாத் தொப்பின்னா நேரே உள்ளே. நீலம்னா நாளைக்குக் கண்டிப்பா. சிவப்புன்னா டோக்கன் வாங்கிட்டு உட்காரணும். வெறுந்தலையா வந்தா வாசல்லயே கும்பிட்டுட்டுத் திரும்பணும்."

குரிமாரு திரும்பி நடந்தான். வழியில் ஒரு ஓக் கொட்டை கிடந்தது. அதன் தலையில் குல்லாய் மாதிரி ஒரு மூடி இருக்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றித் தலையில் மாட்டிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தான்.

தேரை பேந்தப் பேந்த விழித்தது. "இது என்ன நிறம்? பழுப்பா? எங்களுக்குச் சொன்ன வரிசையில இந்த நிறமே இல்லையே."

குரிமாரு தொப்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தேரைக்கு அது போதும். வரிசையில் இல்லாத நிறம் என்றால் வரிசைக்கு மேலே உள்ள நிறமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, விழுந்து கும்பிட்டு வழிவிட்டது.

உள்ளே மூங்கில் திரைக்குப் பின்னால் குஞ்சு ராஜா உட்கார்ந்திருந்தார். திரைக்குக் கீழே ஓர் இடைவெளி. அது வழியாக அலகு கொஞ்சம் தெரிந்தது, வாலும் கொஞ்சம் தெரிந்தது. அலகு நாரை அலகு. வால் மட்டும் புசுபுசு என்று செம்பட்டையாக இருந்தது.

இந்த வால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டின் மந்திரி ஒரு நரி. நரியார் தன் பெண்களைத் தவிர வேறு யார் வீட்டுப் பெண்ணையும் நாரை வம்சத்துக்குள் நுழைய விட்டதே இல்லை. ஆகவே எந்தக் குஞ்சு ராஜாவாக இருந்தாலும் அம்மா வழித் தாத்தா நரியார்தான். வாலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ராஜாவைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பது மரியாதைக்காகத்தான் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

"ராஜாவே, என் மரத்தை வெட்டப் போறாங்க. நீங்கதான் நிறுத்தணும்," என்றான் குரிமாரு.

"நான் ராஜாதானே? என்னால என்ன பண்ண முடியும்? தாத்தாவைக் கேளு," என்றது திரைக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல்.

பக்கத்திலேயே இருந்த நரியார் தொண்டையைச் செருமினார். "மரத்துக்கு ஆள் அனுப்பினவன் நான்தான் தம்பி, இல்லைன்னு சொல்லலை. ஆனா உத்தரவு மடத்திலிருந்து வந்தது. அங்கே போய்க் கேளுங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரியும் கை காட்டிவிட்டார். குரிமாரு மடத்துக்கு ஓடினான். ஓய்வுராஜா மழித்த தலையோடு ஒற்றைக் காலில் நின்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரத்துக்கு நடுநடுவே யாருக்கு எந்தப் பதவி, எந்தக் குளத்தில் யாருக்கு மீன் என்று உத்தரவும் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எல்லாத்தையும் துறந்துட்டேன்ப்பா," என்றார் ஓய்வுராஜா. "நாட்டைத் துறந்தேன். சிம்மாசனத்தைத் துறந்தேன்."

"அப்ப என் மரம், சாமி?"

"அதை இன்னும் துறக்கலை. ஒவ்வொண்ணாத்தானே துறக்க முடியும்?"

குரிமாரு காலில் விழுந்தான். குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை என்று அழுதான். ஓய்வுராஜாவுக்கும் மனசு இளகாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "நான் போட்ட உத்தரவை நானே மாத்தினா என் மரியாதை என்ன ஆகும்? எங்க அப்பா இருந்திருந்தா அவர் மாத்தியிருக்கலாம். எனக்கும் முன்னால ஓய்வு பெற்றவர். அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் குரிமாரு சொன்னான். கயாமே கடைசிவரை கேட்டுவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் அங்கே அதிகாரமா? அப்படிப் பார்த்தா இந்தக் காட்டுலயே பெரிய ஓய்வுராஜா நீங்கதான். போய்ச் சொல்லுங்களேன்!"

அவள் சொன்னது குத்தலுக்கு. அவன் கேட்டது யோசனையாக. ஆண்பிள்ளைகளில் சிலர் அப்படித்தான், குத்தினாலும் தட்டிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

நேரே மைனாவிடம் போனான். அந்தக் காட்டுக்கு அப்போது எழுத்து வந்திருக்கவில்லை. சூரியன் தொடங்கி இன்றைய ராஜா வரை நாரை வம்சம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிப்பது மைனாவின் வேலை. தூணுக்கு மரம் வெட்டுகிற அன்று எல்லோர் முன்னாலும் ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் நாக்கு போய்விடும்.

மைனா ஒரு புதருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"முதல் ரெண்டு ராஜா நல்லா ஞாபகம் இருக்கு. பத்தாவது ராஜாவிலிருந்தும் நல்லா ஞாபகம் இருக்கு. நடுவில இருக்கிறவங்க மொத்தமா மறந்து போச்சு, தம்பி. ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்த பேரைச் சொல்லி ஒப்பேத்திட்டிருந்தேன். போன தடவை சொன்ன பேர் என்னன்னு இப்ப அதுவும் ஞாபகம் இல்லை."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது குரிமாருவுக்கு. "என் பேரைப் போட்டுக்கோ," என்றான்.

"உங்க பேரையா? எவ்வளவு காலம் ஆண்டீங்க?"

"நூற்றிருபது வருஷம்."

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை."

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அப்படின்னா சரியாப் பொருந்துது. நடுவில இருக்கிறவங்க எல்லாருமே அப்படித்தான், ரொம்ப நாள் ஆண்டிருப்பாங்க, ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க. கடைசியில எப்படி இறந்தீங்க?"

"இறக்கலை. ஓய்வு பெற்றேன்," என்றான் குரிமாரு. அதைச் சொல்லும்போது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது.

பௌர்ணமி வந்தது. மரத்தடியில் மொத்த அரசவையும் கூடியிருந்தது. திரையோடு சேர்த்தே குஞ்சு ராஜாவைத் தூக்கிவந்து வைத்திருந்தார்கள். ஓய்வுராஜா வந்தார், நரியார் வந்தார், நேரம் குறித்த காக்கை வந்தது. கரடி கோடாலியோடு தயாராக நின்றது. கயாமே முன்தினம் இரவு முழுக்கத் தூங்காமல், குட்டிகளுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, எந்த மரத்திலாவது ஓர் ஓரம் கிடைக்குமா என்று விடியும் முன்பே தேடிப் போய்விட்டாள். கணவனின் திட்டத்தில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

மைனா ஒப்பிக்க ஆரம்பித்தது. சூரியன், சூரியனின் பேரன், முதல் நாரை, இரண்டாம் நாரை. அதற்கப்புறம் சிலரை ஓர் இருமலில் விழுங்கிவிட்டது. "அடுத்து குரிமாரு மகாராஜா! நூற்றிருபது ஆண்டு ஆண்டார்! ஒன்றும் செய்யவில்லை! ஓய்வு பெற்று, இந்தத் தேவதாரு மரப்பொந்தில் இன்றும் எழுந்தருளியிருக்கிறார்!"

குரிமாரு ஓக் தொப்பியோடு பொந்திலிருந்து தலையை நீட்டினான். கால் வெடவெட என்று நடுங்கியது. நல்லவேளை, கால் உள்ளே இருந்தது.

ஓய்வுராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாரை வம்சத்துல அணிலா? எந்தக் காலத்துலயாவது நாரைக்குப் புசுபுசு வால் உண்டா?" என்று கத்தினார்.

அவ்வளவுதான். கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. எல்லோரும் திரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த செம்பட்டை வாலை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு அவசர அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். ஓய்வுராஜாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நரியார் லேசுப்பட்ட ஆளா? இத்தனை வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர். நாளைக்கு யாராவது அந்த வாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று தூக்கம் கெட்டவர். பழம் நழுவிப் பாலில் விழுந்ததை ஒரே நொடியில் புரிந்துகொண்டு, மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"முன்னோரே!" என்று அலறினார். "குஞ்சு ராஜாவுக்கு இந்த வால் எங்கிருந்து வந்ததுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது! உங்க ஜாடைதான் அப்படியே இருக்கு!"

மொத்தக் கூட்டமும் விழுந்தது. கடைசியில் ஓய்வுராஜாவும் மழித்த தலையைக் கவிழ்த்தார். தனக்கு முன்னால் ஓய்வு பெற்றவர் முன்னால் அவர் வேறு என்ன செய்ய முடியும்?

"மரத்தை வெட்டக் கூடாது. தூணுக்கு ஆத்துல அடிச்சுட்டு வந்த மரம் எதையாவது எடுத்துக்குங்க," என்றான் குரிமாரு. அப்படியே ஆகட்டும் என்றார்கள். கரடி கோடாலியை மூட்டை கட்டியது. குரிமாரு பொந்துக்குள் போய்க் குட்டிகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதான். வீடு தப்பித்துவிட்டது.

ஆனால் பாருங்கள், மூத்த ஓய்வுராஜா குடியிருக்கிற மரம் வெறும் மரமாக இருக்க முடியுமா? அரை மணி நேரத்தில் பொந்துக்கு மூங்கில் திரை போட்டார்கள். மரத்தடியில் தேரையைக் காவல் வைத்தார்கள். ஓக் தொப்பியை இனி வேறு யாரும் போடக் கூடாது என்று நரியார் தடை போட்டார். மூத்த ஓய்வுராஜாவின் பாதம் இனி தரையில் படக் கூடாது என்று காக்கை சொன்னது. குரிமாருவுக்கும் அதெல்லாம் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நண்பகலில் கயாமே வந்தாள். எந்த மரத்திலும் இடம் கிடைக்காமல், கால் ஓய்ந்து வந்தவள், மரம் நிற்பதைப் பார்த்து ஓடி வந்தாள்.

"தொப்பி எங்கே?" என்றது தேரை.

"யோவ், இது என் வீடு!"

"மூத்த ஓய்வுராஜா மாளிகை. தொப்பி இல்லாதவங்க தள்ளி நின்னு கும்பிடலாம்."

திரைக்குள்ளிருந்து குரிமாரு கத்தினான். "அவ என் பொண்டாட்டி! உள்ளே விடு!"

தேரை பவ்யமாகக் கைகட்டி நின்றது. "உத்தரவு மகாராஜா. உங்க உத்தரவை மந்திரிகிட்டச் சொல்றேன். அவர் காக்காயைக் கேட்பார். காக்காய் நல்ல நாள் பார்க்கும். இன்னும் நாலு நாள் இந்தத் திசை சரியில்லைன்னு கேள்வி."

நாலு நாளா! பொந்துக்குள் குட்டிகள் முழித்துக்கொண்டுவிட்டன. விடியும் முன்பு குடித்த பால்தான். ஒன்று வீறிட்டது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஐந்தும் வீறிட்டன. குரிமாரு தொப்பியைக் கழற்றி எறிந்தான். "எனக்கு எந்தப் பதவியும் வேண்டாம், நான் விட்டுடறேன்," என்றான். நரியார் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "விடறதுக்கு வழியே இல்லையே முன்னோரே, நீங்கதான் ஏற்கெனவே ஓய்வு பெற்றாச்சே," என்றார். குதித்து இறங்கலாம் என்றால் கீழே பாதம் படாமல் தாங்குவதற்குப் பத்து முயல் கைவிரித்துக்கொண்டு நின்றன. ஊரையே ஏமாற்றிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அவன் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கயாமேவுக்குக் கீழே நின்று குட்டிகளின் அழுகையைக் கேட்கக் கேட்க ஈரக்குலை துடித்தது. ஆனால் அவள் அழவில்லை. விறுவிறு என்று மைனாவைத் தேடிப் போனாள்.

"ஏ மைனா, அந்த நடுவுல மறந்து போனதா அவர்கிட்டச் சொன்னியே, அதுல இன்னும் இடம் இருக்கா?"

"ஆறு இடம் இருக்கு தாயே."

"என் வீட்டுக்காரருக்கு மேலே என்னைப் போடு."

"நேர் மேலே போட்டா அம்மா ஆயிடுவீங்களே."

"அது வேண்டாம், என் மாமியார் பேரைக் கெடுக்க வேண்டாம். ரெண்டு படி மேலே போடு."

மைனா தயங்கியது. "பெண் ராஜா இந்தத் தீவுக்குப் புதுசில்லை. ஆனா அவங்க நல்லா வேலை செஞ்சிருக்காங்க. நடுவுல இருக்கிறவங்க ஒண்ணும் செஞ்சிருக்கக் கூடாதே. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்றது?"

"என்ன செய்யலை? கொட்டை பொறுக்கினேன். பொந்தைக் கூட்டினேன், மெழுகினேன். அஞ்சு பிள்ளை பெத்தேன். அந்த மனுஷனை வெச்சுக் குடும்பம் நடத்தினேன்."

"அப்ப ஒண்ணும் செய்யலைன்னே போட்டுடறேன்," என்றது மைனா.

வேறு நாளாக இருந்தால் அதன் இறகில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அன்று அவளுக்கு நேரம் இல்லை. "போட்டுத் தொலை," என்றாள்.

மைனா மரத்தின் உச்சிக்குப் பறந்து போய், மறந்து போன ஒரு ராஜா ஞாபகத்துக்கு வந்துவிட்டதாக ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. "கயாமே மகாராணி! நூற்றிருபத்தொரு ஆண்டு ஆண்டார்! குரிமாரு மகாராஜாவுக்குப் பாட்டி! அவருக்கும் முன்பே ஓய்வு பெற்றவர்!"

நரியார் வாயைத் திறந்தார். மைனா சொல்வதில் ஒரு பெயர் பொய் என்றால் இன்னொரு பெயரும் பொய் ஆகும், அப்புறம் வால் பேச்சு மறுபடி வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். திறந்த வாயோடு அப்படியே காலில் விழுந்தார். தேரை விழுந்தது. முயல்கள் விழுந்தன. கயாமே அவர்கள் முதுகு மேலேயே ஏறி ஓடி, திரையைக் கிழித்துக்கொண்டு பொந்துக்குள் பாய்ந்தாள்.

அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. ஐந்து குட்டிகளும் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்தன. அவளுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. குரிமாருவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். "அடியே கயாமே, நீ வரலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்," என்றான்.

"ஷ்!" என்றது கீழேயிருந்து தேரை. "பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடறதா? விழுந்து கும்பிடுங்க மகாராஜா, எல்லாரும் பார்க்கிறாங்க."

குரிமாரு மனைவியைப் பார்த்தான். அவள் குட்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் விழுந்து கும்பிட்டான்.

"நல்லா இரு பேராண்டி," என்றாள் கயாமே, ஒரு குட்டியை இறக்கிவிட்டு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டே. "பாதம் தரையில படக் கூடாதுங்கிறதெல்லாம் இன்னையோட சரி, நான் சொல்லிட்டேன். பனி வரப் போவுது. கொட்டை பாதிகூடச் சேரலை. கூடையை எடுத்துட்டுக் கிளம்பு."

"இதோ கிளம்பிட்டேங்க பாட்டி," என்று சொல்லிவிட்டு, மூத்த ஓய்வுராஜா மரத்தைவிட்டு இறங்கினார்.

நீதி: நீங்கள் எத்தனை தலைமுறைக்கு முன்னால் ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, உங்கள் மனைவி அதற்கும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஓய்வு பெற்றிருப்பார், கொட்டை பொறுக்க வேண்டியது நீங்கள்தான்.